சம்பளமில்லா விடுப்பில் விமானிகள் செய்யக்கூடாத தவறுகள்

2022 செப்டம்பரில் ஸ்பைஸ்ஜெட் ஏறத்தாழ 80 விமானிகளை மூன்று மாதம் சம்பளம் இல்லாமல் வீட்டில் இருக்கச் சொன்னது. 2019இல் போயிங் 737 மேக்ஸ் விமானங்களுக்குப் பறக்கத் தடை வந்தது. சீக்கிரம் நீங்கிவிடும் என்று நம்பித் தொடர்ந்து ஆள் எடுத்தோம், தடை நீண்டதால் விமானிகள் தேவைக்கு மேல் சேர்ந்துவிட்டார்கள் என்றது நிறுவனம். அதில் விமானிகளின் பிழை எதுவும் இல்லை. ஆனால் வீட்டில் இருக்கும் அந்த மாதங்களில் நாமே செய்துகொள்ளும் பிழைகள் இருக்கின்றன. கொரோனா காலத்தில் நானும் அப்படி உட்கார்ந்திருந்தவன் என்பதால் இதை எழுதுகிறேன்.

முதல் தவறு, கோபத்தில் ராஜினாமா செய்வது. நான் கடிதமே எழுதி வைத்திருந்தேன். மனைவிதான் அனுப்ப விடவில்லை. 2017இல் விமானப் போக்குவரத்தை ஒழுங்குபடுத்தும் அரசு அமைப்பான டிஜிசிஏ கொண்டுவந்த விதிப்படி கேப்டனுக்கு ஓராண்டும் கோ-பைலட்டுக்கு ஆறு மாதமும் நோட்டீஸ் பீரியட் உண்டு. நிறுவனம் முன்கூட்டியே விடுவித்தால்தான் அது குறையும். எழுதிக் கொடுத்த கடிதத்தைத் திரும்பப் பெறுவதும் எளிதல்ல. ஏர் இந்தியாவில் 40க்கும் மேற்பட்ட விமானிகள் ராஜினாமா கொடுத்துவிட்டு, நோட்டீஸ் காலத்துக்குள்ளேயே அதைத் திரும்பப் பெற்றார்கள். அப்படியும் 2020 ஆகஸ்டில் அவர்களை வேலையைவிட்டு அனுப்பிவிட்டார்கள். மீண்டும் வேலையில் சேர்க்கவும் வேலையில் இல்லாத காலத்துச் சம்பளத்தைத் தரவும் டெல்லி உயர்நீதிமன்றம் 2021 ஜூனில் உத்தரவிட்டது. வென்றார்கள், சரி. இடையில் கரைந்த மாதங்களை யார் தருவது?

அடுத்தது லைசென்ஸைக் கவனிக்காமல் விடுவது. எனக்கு இதுதான் எல்லாவற்றிலும் பெரிய தவறாகப் படுகிறது. கடைசி 90 நாட்களில் மூன்று முறையாவது டேக்-ஆஃப், லேண்டிங் செய்திருந்தால்தான் பயணிகளை ஏற்றிப் பறக்க முடியும். மூன்று மாத விடுப்பு என்பதே 90 நாள்தான்! விடுப்பு முடியும்போது, அந்தக் கணக்கைச் சரிசெய்ய எல்லோரும் ஒரே நேரத்தில் சிமுலேட்டருக்கு (விமானம் போலவே இயங்கும் பயிற்சிக் கருவி) வரிசையில் நிற்பார்கள். மருத்துவச் சான்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் திறன் சோதனை இவற்றின் தேதிகளை ஒரு தாளில் எழுதிக் கண்ணில் படும் இடத்தில் ஒட்டுங்கள். மருத்துவச் சோதனைக்குக் கைக்காசு போட வேண்டி வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். திரும்ப அழைக்கும்போது பேப்பர்கள் சரியாக இருப்பவரை உடனே ரோஸ்டரில், அதாவது பணிப் பட்டியலில், போட்டுவிட முடியும்.

"கொஞ்ச நாள்தான் கேப்டன், கூப்பிட்டுவிடுவோம்" என்று நிறுவனத்தார் போனில் சொல்வதை நம்பி இருப்பதும் தவறு. 2020 ஜூலையில் ஏர் இந்தியா அறிவித்த திட்டத்தில் ஆறு மாதமோ இரண்டு ஆண்டோ விடுப்பு, அதை ஐந்து ஆண்டு வரை நீட்டிக்கலாம் என்று இருந்தது. முடியும் தேதியை எழுத்தில் கேளுங்கள். குடும்பத்துக்கான மருத்துவக் காப்பீடு தொடருமா, சீனியாரிட்டி அப்படியே இருக்குமா, டிரெயினிங் பாண்டில் (பயிற்சிக்காக இத்தனை காலம் வேலை செய்வேன் என்று எழுதிக் கொடுத்த ஒப்பந்தம்) இந்த மாதங்கள் சேருமா என்பதையும் ஒரே மின்னஞ்சலில் கேட்டுவிடுங்கள். உடல்நலக் காரணத்தால் லைசென்ஸ் போனால் பணம் தரும் லைசென்ஸ் இழப்புக் காப்பீடு வைத்திருந்தால் பிரீமியத்தை மட்டும் நிறுத்த வேண்டாம்.

புதிய ஒப்பந்தத்தைப் பயத்தில் கையெழுத்திடுவது இன்னொன்று. 2020 அக்டோபரில் கேத்தே பசிபிக் ஹாங்காங் விமானிகளிடம் சம்பளம் குறைந்த ஒப்பந்தத்தைக் கொடுத்துக் குறுகிய கெடுவும் வைத்தது. பெரும்பாலானவர்கள் கையெழுத்திட்டார்கள், அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் 2023 கடைசியில் அதே நிறுவனம் விமானிகள் போதாமல் விமானங்களை ரத்து செய்தது. இந்தியாவிலும் விமானிகளின் வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணியாக உயர்ந்து, இரவு லேண்டிங்குகளுக்கும் கட்டுப்பாடு வந்தபோது, 2025 டிசம்பரில் விமானிகள் போதாமல் இண்டிகோ திணறியதைப் பார்த்தோம். உபரி என்ற நிலை மாறும். குறைப்பு எவ்வளவு காலத்துக்கு, நிலைமை சீரானால் பழைய சம்பளம் திரும்புமா என்று சங்கத்தின் வழியாகவோ வக்கீலிடமோ கேட்டுவிட்டுக் கையெழுத்திடுங்கள்.

டைப் ரேட்டிங் (ஒரு குறிப்பிட்ட வகை விமானத்தை ஓட்டுவதற்கான பயிற்சித் தகுதி) பெற வாங்கிய கடன் இருந்தால் முதல் தவணை தவறும் முன்பே வங்கிக்குப் போய்ப் பேசுங்கள். அப்புறம், தூக்கம் வராவிட்டால் மறைக்காதீர்கள். சான்று பறிபோய்விடுமோ என்ற பயத்தில் தாங்களாகவே மாத்திரை போட்டுக்கொண்ட நண்பர்களை எனக்குத் தெரியும். விமானிகளைப் பரிசோதிக்கும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு எடுத்தால், எந்த மருந்துக்கு எத்தனை நாள் பறக்கக்கூடாது என்று அவர் சொல்வார்.