கெக்கோ பெட்டிக்குச் சூடும் தரையும்

லெப்பர்ட் கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லி வெப்பமான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போய்த்தான் உடற்சூட்டைச் சரிசெய்துகொள்கிறது. ஆகவே பெட்டி முழுவதையும் சூடாக்காதீர்கள். ஹீட் மேட் எனும் மின்சூட்டு விரிப்பைப் பெட்டியின் அடியில் ஒரு பக்கமாக, தரையில் மூன்றில் ஒரு பங்குக்கு மட்டும் வையுங்கள். அந்தப் பக்கத் தரை 32 முதல் 34 டிகிரி செல்சியஸ், எதிர்ப்பக்கம் 24 முதல் 26 டிகிரி இருக்கட்டும். இரு பக்கமும் ஒளிந்துகொள்ள இடம் வேண்டும்.

சூட்டை அளந்து கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட் இல்லாமல் மேட்டை ஒருநாளும் இயக்காதீர்கள். கெக்கோவின் வயிற்றுத் தோல் வெந்துவிடும். தெர்மோஸ்டாட்டின் உணர்முனையை நான் முதலில் பெட்டிச் சுவரில் ஒட்டியிருந்தேன். கருவி 28 என்று காட்டியது. தரையைத் தொட்டால் கை சுட்டது. கெக்கோ படுக்கும் இடத்திலேயே, தரையோடு ஒட்டி வைப்பதுதான் சரி.

புதிதாக வந்த கெக்கோவுக்குச் சமையலறைக் காகிதமே போதும். எச்சம் எப்படி இருக்கிறது என்பது உடனே தெரியும். பிறகு சொரசொரப்பான டைலுக்கு மாறலாம்; சூடு அதில் நன்றாகப் பரவும். வெறும் மணல் வேண்டவே வேண்டாம். இரையைக் கவ்வும்போது மணலும் உள்ளே போய்க் குடலை அடைக்கக்கூடும்.

ஈரப்பாசி நிரப்பிய, வாசல் வெட்டிய சிறு டப்பா ஒன்றும் அவசியம். தோலுரிக்கும் நாட்களில் கெக்கோ அதற்குள்தான் போய்ப் படுக்கும். உரித்து முடித்ததும் கால்விரல்களை உற்றுப் பாருங்கள். பழைய தோல் மோதிரம்போல் இறுகி நின்றுவிட்டால், அந்த விரலே போய்விடும்.