பட்டுப்போனது என்று பிடுங்காதீர்கள்: குளிர்நாட்டுத் தோட்டத்தில் தேனீச் செடி வளர்ப்போர் செய்யும் தவறுகள்

மே மாதம் இரண்டாவது வாரம். ரொறன்ரோவின் ஸ்காபரோவில் எங்கள் வாசலடிப் பாத்தியில் எல்லாம் துளிர்த்துவிட்டன. முந்தைய வருடம் நட்ட பட்டர்ஃப்ளை மில்க்வீட் என்ற பூச்செடி இருந்த இடம் மட்டும் வெறும் மண்ணாகக் கிடந்தது. குளிரில் பட்டுப்போய்விட்டது என்று முடிவுகட்டி மண்வெட்டியை இறக்கினேன். படக்கென்று ஏதோ முறிந்தது. எடுத்துப் பார்த்தால் விரல் பருமனில் வெளிறிய வேர், அதன் தலையில் அரிசி அளவில் இரண்டு முளைகள். இன்னும் கொஞ்ச நாள் பொறுத்திருந்தால் தானாகவே வெளியே வந்திருக்கும்.

ஒன்ராறியோ மண்ணுக்கே உரிய செடிகளில் மிகவும் பிந்தி எழும்புகிறவற்றில் அது ஒன்று. மண் நன்றாகச் சூடேறிய பிறகுதான் தலைகாட்டும். ஆணிவேர்ச் செடி என்பதால் ஒரு தடவை நட்டால் இடம் மாற்றவும் கூடாது. நட்ட இடத்தில் ஒரு குச்சியைக் குத்தி வையுங்கள், ஜூன் பிறக்கும் வரை அந்தப் பக்கம் மண்வெட்டி போக வேண்டாம். களிமண்ணில் தண்ணீர் தேங்கினால் பனிக்காலத்தில் வேர் அழுகிவிடும். அதனால் மேடான, வெயில் விழும் இடம் பாருங்கள்.

குளிர்நாட்டுத் தோட்டத்தில் பாதி வாழ்க்கை கண்ணுக்குத் தெரியாமல்தான் நடக்கிறது. நம்மவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவை அதை மறப்பதால் வருகிறவை. ஊரில் விடியற்காலையில் முற்றம் கூட்டிப் பழகிய கை நமக்கு. ஒக்டோபரில் தண்டெல்லாம் காய்ந்து, இலை கொட்டிக் கிடந்தால் அந்தக் கை சும்மா இருக்காது. எல்லாவற்றையும் அடியோடு வெட்டி, வாரி, பழுப்புக் காகிதப் பையில் கட்டி வீதியோரம் வைத்துவிடுவோம். அந்தப் பையோடு என்ன போகிறது தெரியுமா? உள்ளே மென்மையான சோறு உள்ள தண்டுக்குள் எறும்பை விடக் கொஞ்சம் பெரிய கருநீலத் தேனீக்கள் குளிர்காலத்தைக் கழிக்கின்றன. இலைச் சருகுக்குள் அந்துப்பூச்சிகளின் கூட்டுப்புழுக்கள் இருக்கின்றன. சருகுக்குக் கீழே சில அங்குல ஆழத்தில், அடுத்த வருடக் கூட்டத்தைத் தொடங்கப்போகும் பம்பிள்பீ என்ற குண்டுத் தேனீயின் ராணி தனியாக உறங்கிக்கொண்டிருக்கிறாள்.

ஆகவே, ஒக்டோபரில் விட்டுவிடுங்கள். நடைபாதையில் விழுந்த இலையைப் பாத்திக்குள் தள்ளினால் போதும். வசந்தத்தில் வெட்டும்போதும் தரையோடு வெட்டாமல் ஓர் அடி உயரத்துக்குக் கட்டையாக விடுங்கள். அந்த வெட்டுவாய் வழியாகத்தான் சின்னத் தேனீ புகுந்து முட்டையிடும். புதுத் தளிர் சீக்கிரமே கட்டைகளை மறைத்துவிடும், பார்க்க அசிங்கமாக இருக்காது.

தேனீ என்றதும் தேன்கூடு ஞாபகம் வருவதும் ஒரு தடங்கல்தான். தேன் தரும் தேனீ ஐரோப்பியர் கொண்டுவந்தது. ரொறன்ரோவில் மட்டும் 360-க்கும் மேற்பட்ட தேனீ இனங்கள் பதிவாகியிருக்கின்றன. நகரத்தின் அதிகாரபூர்வத் தேனீயாக அறிவிக்கப்பட்டது, தலையும் நெஞ்சும் பச்சை உலோகம்போல் மின்னும் ஒரு சின்னத் தேனீ. அது மண்ணில் குழி தோண்டி வாழ்வது. இங்குள்ள தேனீ இனங்களில் பெரும்பாலானவை அப்படித்தான். பாத்தி முழுக்க மரச்சீவலைத் தடிப்பாகப் போட்டு மூடினால் அவற்றுக்கு வாசலே இல்லாமல் போகிறது. வெயில் படும் ஒரு முழ இடத்தை வெறும் மண்ணாக விட்டுவிடுங்கள்.

அப்புறம் எரு. கத்தரிக்கும் மிளகாய்க்கும் போடுவதுபோல் ஆட்டெரு மூட்டையைக் கொட்டினால், முழங்கால் உயரத்தில் நிற்க வேண்டிய செடி இடுப்புவரை வளர்ந்து மழைக்குச் சாய்ந்துவிடும். இவை மெலிந்த மண்ணுக்குப் பழகியவை. முதல் வருடம் தண்ணீர் மட்டும் தவறாமல் ஊற்றுங்கள்.

கடையில் வாங்கும்போது அடுக்குப் பூவைக் கண்டு மயங்காதீர்கள். அடுக்குப் பூவில் மகரந்தத் தாள்களே இதழாகிவிடுகின்றன. தேனீக்கு அங்கே கிடைப்பது மிகக் குறைவு. உயரம் குறைந்த வகை வேண்டுமென்றால் அதில் தவறில்லை. நியூ இங்கிலாந்து ஆஸ்டர் ஆளுயரம்கூடப் போகும், அதன் ‘பர்ப்பிள் டோம்’ வகை ஒன்றரை அடியோடு நின்றுவிடும். செடிக்கு நியோனிகொட்டினாய்ட் என்ற பூச்சிக்கொல்லி மருந்து அடித்தார்களா என்றும் கேளுங்கள். அது செடியின் உடலெங்கும் பரவி, மகரந்தத்திலும் தேனிலும் வந்து சேரும்.

ஜூனில் கடைக்குப் போய், அன்று பூத்திருப்பதை மட்டும் வாங்கி வருவது இன்னொரு தவறு. மே மாதத்துக்குக் காட்டுக் கொலம்பைனும் ப்ரெய்ரி ஸ்மோக்கும், ஜூனுக்கு ஹேரி பியர்ட்டங், நடுக்கோடைக்கு மில்க்வீடும் நாடிங் அன்யனும், செப்டெம்பருக்கு ஆஸ்டரும் கிரே கோல்டன்ராடும் என்று பிரித்து வையுங்கள். கோல்டன்ராட் தும்மல் தரும் என்று பலர் ஒதுக்குகிறார்கள். அதன் மகரந்தம் கனமானது, ஒட்டும் தன்மை உள்ளது, காற்றில் பறக்காது. தும்ம வைப்பது அதே காலத்தில் பூக்கும் ராக்வீட் என்ற களை. மெக்ஸிகோ வரை பறக்கப்போகும் மொனார்க் வண்ணத்துப்பூச்சிக்கு வழிச்சாப்பாடு அந்த மஞ்சள் பூவும் ஆஸ்டரும்தான்.

நடுவதைச் செப்டெம்பர் கடைசிக்குள் முடித்துவிடுங்கள். வேர் பிடிக்காத செடியை, உறைந்து உருகும் மண் வெளியே தள்ளிவிடும். மார்ச்சில் அப்படிக் கண்டால் காலால் மெதுவாக அழுத்தி விடலாம். விதை போடுகிறவர்கள் வசந்தம் வரை காத்திருக்க வேண்டாம். இந்தச் செடிகள் பலவற்றின் விதை ஈரக் குளிரில் ஒரு மாதமாவது கிடந்தால்தான் முளைக்கும். நவம்பரில் தூவிவிடுங்கள், மிச்சத்தைப் பனி பார்த்துக்கொள்ளும்.

ஒவ்வொரு கோடையிலும் யாராவது என்னிடம் கேட்பது, மில்க்வீடில் புழு விழுந்திருக்கிறது, என்ன மருந்து அடிக்கலாம் என்று. ஊரில் எருக்கலை இலையில் வரிபோட்ட புழுவைப் பார்த்திருப்பீர்களே, எருக்கலையும் மில்க்வீடும் ஒரே குடும்பம், புழுக்களும் உறவுதான். கறுப்பும் மஞ்சளும் வெள்ளையுமாக வரியிருந்தால் அது மொனார்க்கின் புழு, மில்க்வீட் தவிர வேறெதையும் தின்று அது பிழைக்காது. மருந்தை உள்ளே வைத்துவிடுங்கள். வேர் பிடித்த செடி என்றால் இலை முழுவதும் போனாலும் மறுபடி துளிர்க்கும்.