அரசு உதவித்தொகையில் இணையவழிப் படிப்பு: பெரியவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவில் வேலை பார்த்துக்கொண்டே இணையவழியில் படித்து, செவிலியர், ஆசிரியர் போன்ற ஆள் பற்றாக்குறையுள்ள பணிகளுக்கு மாற நினைப்பவர்களுக்கு, அரசு உதவித்தொகை விண்ணப்பங்களில் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். நானும் 37 வயதில் அப்படிப் படித்தவள்தான். அன்று நான் செய்த பிழைகளையே புதியவர்கள் இன்றும் செய்வதைப் பார்க்கும்போது மனம் பொறுக்கவில்லை. கடைசித் தேதியைத் தவறவிடுவது, சான்றிதழை இணைக்க மறப்பது ஆகியவை எல்லாருக்கும் தெரிந்தவை என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

பணி நிபந்தனையைப் படிக்காமல் கையெழுத்திடுவது

இத்தகைய துறைகளுக்கு அரசு பணம் ஒதுக்குவதே, படித்து முடித்தவர் அந்த வேலைக்கு வந்து சேர வேண்டும் என்பதற்காகத்தான். ஆகவே பல திட்டங்களில், குறிப்பிட்ட காலம் குறிப்பிட்ட வகைப் பணியிடத்தில் வேலை செய்வதாக எழுதிக் கொடுக்க வேண்டியிருக்கிறது. ஆசிரியராகப் படிப்பவர்களுக்குக் கூட்டரசு தரும் டீச் (TEACH) மானியத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: படிப்பு முடிந்த 8 ஆண்டுகளுக்குள் 4 ஆண்டுகள், ஆசிரியர் தேவை மிகுந்த பாடத்தை, வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் கற்பிக்க வேண்டும். தவறினால் அந்த மானியம் கடனாக மாறிவிடும். வட்டியோ, பணம் வழங்கப்பட்ட நாளிலிருந்தே கணக்கிடப்படும்.

சென்ற மாதம், இரண்டு குழந்தைகளுக்குத் தாயான ஒருவர் என் எதிரில் அமர்ந்து, பதினொரு பக்க ஒப்பந்தத்தைக் கைப்பேசியில் விரலால் தள்ளிக்கொண்டே கடைசிப் பக்கத்துக்கு வந்து, “ஏற்கிறேன்” என்ற கட்டத்தைத் தொடப்போனார். தடுத்தேன். “எல்லாம் வழக்கமான விதிகள்தானே அக்கா?” என்றார். நானும் ஒருநாள் இரவுப் பணியின் இடைவேளையில் இதே எண்ணத்தோடுதான் தொட்டேன். படித்து முடித்து, வீட்டுக்கு அருகிலிருந்த தனியார் மருத்துவமனை ஒன்றில் சேர்ந்தேன். ஆண்டுச் சான்றுப் படிவத்தை அனுப்பியபோதுதான், அந்த இடம் தகுதியான பணியிடங்களின் பட்டியலில் இல்லை என்பது தெரிந்தது. பத்து மாத உழைப்பு கணக்கில் சேரவில்லை. வேறு மருத்துவமனைக்கு மாறி, பணிக்காலத்தை முதல் நாளிலிருந்து தொடங்கினேன். விளக்கமெல்லாம் ஒப்பந்தத்தின் எட்டாம் பக்கத்திலேயே இருந்தது. படிக்க பத்து நிமிடம்கூட ஆகியிருக்காது என்பதை நினைத்தால் இன்றும் எரிச்சல் வருகிறது.

எந்தெந்தப் பணியிடங்கள் கணக்கில் வரும், பகுதிநேர வேலை எப்படிக் கணக்கிடப்படும், மகப்பேறோ நோயோ குறுக்கிட்டால் கால நீட்டிப்பு உண்டா, வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்ந்தால் என்ன ஆகும் என்பவற்றைக் கையெழுத்திடும் முன்பே மின்னஞ்சலில் கேளுங்கள். தொலைபேசியில் கிடைக்கும் உறுதிமொழியைப் பின்னாளில் யாரிடமும் காட்ட முடியாது. அந்தத் தாயும் அப்படித்தான் கேட்டு எழுதினார். பதில் வந்த பிறகே கையெழுத்திட்டார்.

விண்ணப்பிக்க இடைத்தரகருக்குப் பணம் கொடுப்பது

கொடுக்காதீர்கள். கூட்டரசின் கல்வி உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா (FAFSA) படிவம் முற்றிலும் இலவசம்.

“கட்டணமில்லை” என்பதைச் செலவே இல்லை என்று எடுத்துக்கொள்வது

2018-இல் மாநிலம் முழுவதும் நடைமுறைக்கு வந்த டென்னசி ரீகனெக்ட், 2021-இல் தொடங்கிய மிச்சிகன் ரீகனெக்ட் ஆகிய, பெரியவர்களின் படிப்புக்கான மாநில அரசுத் திட்டங்கள், பிற மானியங்கள் கழிந்தபின் எஞ்சும் கல்விக் கட்டணத்தை ஈடுசெய்பவை. வாடகைக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் ஆகும் செலவு உங்களுடையதே.

பருவத்தின் நடுவில் விலகுவது

பருவத்தில் 60 சதவீதம் முடியுமுன் எல்லாப் பாடங்களிலிருந்தும் விலகினால், கூட்டரசு உதவியில் ஒரு பகுதியைத் திருப்ப வேண்டிவரும். விலகல் படிவத்துக்கு முன் உதவித்தொகை அலுவலரைப் பாருங்கள்.

உரிமம் பற்றிக் கல்லூரியிடம் மட்டும் கேட்பது

வேறு மாநிலக் கல்லூரியில் இணையவழியில் படித்த பட்டம், உங்கள் மாநிலத்தில் உரிமம் பெறப் போதுமா என்பதை முடிவு செய்வது மாநில உரிம வாரியம். சேர்க்கை அலுவலர் என்ன சொன்னாலும் வாரியத்திடம் நேரடியாகக் கேளுங்கள்.

நேரடிப் பயிற்சிக்கு நேரம் ஒதுக்காமல் சேர்வது

பாடம் இணையத்தில் நடந்தாலும், செவிலியர் நோயாளியைக் கவனிக்கக் கற்பதும் ஆசிரியர் வகுப்பெடுத்துப் பழகுவதும் நேரில்தான். பயிற்சி நேரம் பெரும்பாலும் பகலில் அமையும். எனவே வேலை நேரத்தை மாற்றித் தருவார்களா என்று மேலாளரிடம் சேர்வதற்கு முன்பே கேட்டு, அந்தப் பதிலையும் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.