வன்னியிலிருந்து மலைக் கிராமத்துப் பன்சலைக்குத் தானம் கொண்டு போவது எப்படி?

மலைப்பக்கத்துப் பன்சலைக்கு, அதாவது பௌத்த விகாரைக்கு, முதன்முறை போகிறவர்கள் உடுப்பைப் பற்றி யோசிக்கிற அளவுக்கு நேரத்தைப் பற்றி யோசிப்பதில்லை. தானம் என்பது பிக்குமாருக்குக் கொடுக்கும் சாப்பாடு. நடுப்பகல் தாண்டினால் அவர்கள் சாப்பிடமாட்டார்கள். ஆகவே பன்னிரண்டு மணியை எல்லையாக வைத்துப் பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள்.

காலையில் வவுனியாவில் பஸ் ஏறி அன்றைய தானத்துக்குப் போய்ச் சேர ஏலாது. ஏ9 வழியே தம்புள்ளை தாண்டி மாத்தளைக்கே நாலு மணித்தியாலத்துக்குக் குறையாது. அதற்கு மேல் மலையேறும் சின்ன பஸ் வேறு. ரயிலில் கண்டிக்குப் போவதென்றால் பொல்காவலையில் இறங்கி மாற வேண்டும். முதல் நாளே போய்த் தங்குங்கள். 1977 கலவரத்துக்குப் பிறகு மலையகத்திலிருந்து வந்து வன்னியில் குடியேறிய குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பக்கத் தோட்டங்களில் இன்னும் சொந்தக்காரர் இருக்கிறார்கள். அப்படி ஒரு வீடு கிடைத்தால் அடுப்பும் கிடைக்கும், சிங்களம் பேச ஆளும் கிடைக்கும்.

நாள் கேட்டு வாங்குதல்

சின்னப் பன்சலையில் இரண்டு மூன்று பிக்குமார்தான் இருப்பார்கள். ஊர் வீடுகள் முறை வைத்துத் தானம் கொடுக்கும். அந்த முறைப் பட்டியல் தாயக சபையிடம், அதாவது பன்சலையைப் பராமரிக்கும் ஊரார் சபையிடம், இருக்கும். சொல்லாமல் சட்டிபானையோடு போய் நின்றால், முறைவீட்டுச் சமையலும் உங்கள் சமையலும் ஒன்றாக வந்து சேரும். மிஞ்சியதை நாளைக்கென்று எடுத்து வைக்க பிக்குமாருக்கு விநயத்தில் (அவர்களின் ஒழுக்க விதிகளில்) இடமில்லை. இரண்டு வாரம் முன்னதாகவே கேளுங்கள்.

நோன்மதி (போயா) நாள் வேண்டாம். அன்று ஊரே வெள்ளை உடுத்திச் 'சில்' எடுக்க (சீலம் அனுட்டிக்க) வந்திருக்கும், உங்களைக் கவனிக்க யாருக்கும் நேரம் இராது. ஐப்பசியிலிருந்து தை வரை மழை, கூடவே அட்டை. மாசி, பங்குனி நல்லது. அப்போதும் இரவுக் குளிர் நம் உடம்புக்குப் புதிது, ஸ்வெட்டர் எடுங்கள்.

சமையலும் சாமானும்

பிக்குமார், உதவிக்கு நிற்பவர்கள், நீங்கள் என்று பத்துப் பேருக்கு ஒன்றேகால் கிலோ அரிசி போதும். பருப்பு, இரண்டு மரக்கறி, ஒரு கீரை வறை, அப்பளம். நம் வீட்டு உறைப்பில் பாதி போடுங்கள். முதல் பங்கு புத்தருக்கு என்பதால் யாரும் சாப்பிடும் முன் சின்னக் கிண்ணங்களில் அதைத் தனியே எடுத்து வையுங்கள். மாம்பழம், பப்பாசி போன்ற விதையுள்ள பழங்களை வெட்டியே கொண்டு போங்கள்.

ஐந்து மணிக்கு அடுப்பு மூட்டினால் எட்டரைக்குப் புறப்படலாம். பத்தரைக்குள் பன்சலையில் நிற்க வேண்டும். பதினொன்றுக்குச் சற்று முன் புத்த பூஜை, பிறகு தானம்.

அரிசி, பருப்பு மூட்டைகளை பிக்குவின் கையில் கொடுக்காதீர்கள், சமையலறைப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். பிக்கு கையேற்ற உணவு அன்று நடுப்பகலோடு சரி. நெய், வெண்ணெய், எண்ணெய், தேன், வெல்லம் ஆகிய ஐந்துக்கு மட்டும் மருந்தென்ற கணக்கில் ஏழு நாள் தவணை உண்டு. அதனால் வன்னியிலிருந்து கொண்டு போகத் தோதானவை பனங்கட்டியும் காட்டுத் தேனும்தான். மாலைத் தேநீரோடு பனங்கட்டியைக் கடித்துக்கொள்ளலாம். பிஸ்கட் பெட்டிக்கு அந்த வசதி இல்லை.

கொடுக்கும் முறை

புதியவர்கள் தடுமாறுவது இங்கேதான். பாத்திரத்தை மேசையில் வைத்துவிட்டு நகர்ந்தால் அது தானமாகாது. இரண்டரை முழத்துக்குள் நெருங்கி, இரண்டு கையாலும் சற்றுத் தூக்கிக் கொடுங்கள். பிக்கு கையால் வாங்குவார், அல்லது பாத்திரத்தைத் தொடுவார். அதோடு கொடுத்தாயிற்று. பிறகு 'கொஞ்சம் கிட்டத் தள்ளி வைப்போம்' என்று நீங்கள் அதைத் தொட்டால், காட்டுக்குள் இருக்கும் பிக்குமார் மடங்களான ஆரணியங்களில் மறுபடி முதலிலிருந்து கொடுக்கச் சொல்வார்கள். ஊர்ப் பன்சலையில் அவ்வளவு கண்டிப்பு இராது. ஆரணியத்தில் காசும் கையில் வாங்கமாட்டார்கள், உண்டியலில் போடுங்கள். பெண்கள் கொடுக்கும்போது கை படாமல் பார்த்துக்கொண்டால் போதும்.

கும்பிடும் இடத்தில்

தோளும் முழங்காலும் மூடிய வெள்ளை உடுப்பு. செருப்பு, தொப்பி வெளியே. திருநீற்றை அழிக்க வேண்டியதில்லை. வன்னியில் விகாரை என்றதும் எழும் காணிப் பிரச்சினைப் பேச்சை இங்கே இழுக்காதீர்கள். அந்த மலைக் கிராமத்தாருக்கு அதில் பங்கில்லை.

பூவை முகராதீர்கள். காம்பைக் கிள்ளி, தண்ணீர் தெளித்து வையுங்கள். நம் குளத்துத் தாமரை பஸ் பயணத்தில் வதங்கிவிடும், அங்கேயே வாங்குங்கள். வெள்ளரச மரத்தையும் தாதுகோபத்தையும் (தூபியையும்) வலம் சுற்றுங்கள். விளக்கை ஊதி அணைக்கக் கூடாது. தேங்காய் உடைக்கும் எண்ணம் இருந்தால், வளவில் கதிர்காமத் தெய்வத்துக்குத் தேவாலயம் இருக்கிறதா என்று கேளுங்கள். அது நம் முருகன்தான். புத்தருக்கு முதுகு காட்டிப் படம் எடுப்பது பெரிய பிழை; செல்பி எடுக்கும்போது கவனம்.

பிக்குவோடு பேசும்போது அவரைவிடத் தாழ்ந்த இடத்தில் இருங்கள். புறப்படும்போது 'அவசரய் ஹாமுதுருவனே' (விடை தாருங்கள், சுவாமி) என்று சொல்லி வணங்குங்கள். 'தெருவன் சரணய்' (மும்மணிகளின் துணை உண்டாகட்டும்) என்று பதில் வரும். பிரித் ஓதிய காப்பு நூல் கட்டுவதென்றால் ஆண்கள் வலக்கையை நீட்டுங்கள். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை மட்டும் ஏறி வரும்போதே கொண்டக்டரிடம் கேட்டு வையுங்கள். மலைப் பஸ் பின்னேரம் வெள்ளெனவே நின்றுவிடும், தவறினால் ஆட்டோவுக்குக் கேட்கிற காசு கொடுக்க வேண்டிவரும்.