அரசாங்கத் தலைவர் யார் என்று கண்டறிந்து, அவர் பதவியைத் தமிழில் பிழையின்றி எழுதுவது எப்படி?

வேலூரில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் மாணவி ஒருவர் சென்ற மாதம் தம் குறிப்பேட்டை என்னிடம் காட்டினார். ‘ஸ்பெயின் குடியரசுத் தலைவர்: பெத்ரோ சாஞ்செஸ்’ என்று பச்சை மையில் எழுதி அடிக்கோடும் இட்டிருந்தார். அதற்கு நேர் கீழேயே ‘ஸ்பெயின் மன்னர்: ஆறாம் ஃபெலிப்பே’ என்று இருந்தது. மன்னர் இருக்கும் நாட்டில் குடியரசுத் தலைவர் எப்படி இருப்பார் என்று கேட்டதும் அவர் திகைத்துப்போனார். சாஞ்செஸின் பதவிப் பெயரில் ‘பிரெசிடெண்ட்’ என்ற சொல் வருகிறது. அதைக் கண்டவுடன் பழக்கத்தால் குடியரசுத் தலைவர் என்று மாற்றிவிட்டார், அவ்வளவுதான். ஆனால் இந்தப் பிழை தேர்வுத் தாளில் ஒரு மதிப்பெண்ணோடு முடிந்துவிடுவதில்லை. ஒரு நாட்டை யார் ஆளுகிறார், அவரை யார் தட்டிக்கேட்க முடியும் என்பதையே அது மறைத்துவிடுகிறது. ஆகவே நான் வகுப்பில் சொல்லித்தரும் முறையை இங்கே எழுதுகிறேன்.

ஒரு முழுத்தாளை எடுத்து ஆறு பத்திகளாகக் கோடு போடுங்கள். முதல் பத்தியில் நாடு. இரண்டாவதில் அந்நாட்டினர் வழங்கும் பதவிப் பெயர், அவர்கள் மொழியில் உள்ளபடியே. மூன்றாவதில் நாட்டுத் தலைவர், அதாவது நாட்டின் அடையாளமாக நிற்கும் மன்னரோ குடியரசுத் தலைவரோ. நான்காவதில் அரசாங்கத் தலைவர், அதாவது அமைச்சர்களை வழிநடத்தி ஆட்சியை நடத்துபவர். ஐந்தாவதில் அந்த அரசாங்கத் தலைவரைப் பதவியிலிருந்து இறக்கக்கூடியவர் யார் என்பது. ஆறாவதில் இந்த விவரம் எந்தத் தேதி நிலவரம் என்பது. ‘அரசுத் தலைவர்’ என்ற சொல்லை இந்தத் தாளில் எங்கும் பயன்படுத்த வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். சிலர் அதை நாட்டுத் தலைவர் என்ற பொருளிலும், சிலர் அரசாங்கத் தலைவர் என்ற பொருளிலும் எழுதுவதால், படிப்பவருக்குக் குழப்பமே மிஞ்சும்.

முதல் வரியை இந்தியாவைக் கொண்டே நிரப்பிப் பழகுங்கள். அரசியலமைப்பின் 53ஆம் உறுப்பின்படி ஒன்றியத்தின் ஆட்சி அதிகாரம் குடியரசுத் தலைவரிடம் உள்ளது. ஆனால் 74ஆம் உறுப்பின்படி அவர் பிரதமரைத் தலைவராகக் கொண்ட அமைச்சரவையின் அறிவுரைப்படியே செயல்பட வேண்டும். அந்த அமைச்சரவையோ 75ஆம் உறுப்பின்படி மக்களவைக்குக் கூட்டாகப் பொறுப்புடையது. இந்த மூன்று உறுப்புகளையும் சேர்த்துப் படித்தால்தான் நம் ஆட்சிமுறை விளங்கும். இதற்கு நம் ஊரோடு தொடர்புடைய ஒரு சான்று உண்டு. வேலூர் ஊரிசு கல்லூரியில் படித்த சர்வபள்ளி இராதாகிருஷ்ணன், 1962 முதல் 1967 வரை குடியரசுத் தலைவராக இருந்தார். 1964 மே 27 அன்று நேரு மறைந்ததும் குல்சாரிலால் நந்தா, அடுத்த மாதம் லால் பகதூர் சாஸ்திரி, 1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் மறைந்ததும் மீண்டும் நந்தா, அதே மாதம் 24ஆம் தேதி இந்திரா காந்தி என, இரண்டு ஆண்டுகளுக்குள் நான்கு முறை பிரதமர் பதவிப் பிரமாணம் நடந்தது. நான்கு முறையும் நாட்டுத் தலைவர் ஒருவரே. அரசாங்கத் தலைவர்தான் மாறிக்கொண்டிருந்தார். நாடு தொடர்கிறது, அரசாங்கம் மாறுகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூல் வரையறையும் எனக்கு விளக்கியதில்லை.

இனி வெளிநாடுகளுக்குச் செல்லலாம். பதவிப் பெயரை ஒரு கணம் கையால் மறைத்துக்கொண்டு, இரண்டு கேள்விகளைக் கேளுங்கள். அன்றாட ஆட்சியை நடத்தி, அமைச்சர்களை வழிநடத்துபவர் யார்? நாடாளுமன்றம் நம்பிக்கை இழந்தால் அவர் பதவி விலக வேண்டுமா? முதல் கேள்வி சில நாடுகளில் ஏமாற்றும். பிரான்சில் அமைச்சரவைக் கூட்டத்துக்குக் குடியரசுத் தலைவரே தலைமை தாங்குகிறார். ஆயினும் அரசாங்கத்தின் பணிகளை இயக்குபவர் பிரதமர் என்று 1958ஆம் ஆண்டு அரசியலமைப்பு கூறுகிறது. 2024 டிசம்பரில் அந்நாட்டு நாடாளுமன்றத்தின் கீழவை கண்டனத் தீர்மானம் நிறைவேற்றியபோது வீட்டுக்குப் போனவர் பிரதமர் மிஷேல் பார்னியேதான். குடியரசுத் தலைவர் மக்ரோன் பதவியில் தொடர்ந்தார். எனவே இரண்டாவது கேள்விக்கே நான் அதிக மதிப்பளிக்கிறேன். நம் நாட்டிலும் 1999 ஏப்ரலில் வாஜ்பாய் அரசு 269க்கு 270 என்று ஒரே ஒரு வாக்கில் கவிழ்ந்தது. ஐந்தாம் பத்தியில் ‘மக்களவை’ என்று எழுதும்போது அந்த ஒரு வாக்கை நினைத்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் பத்தி எல்லா நாட்டுக்கும் ஒன்றுபோல் நிரம்பாது. அமெரிக்காவில் குடியரசுத் தலைவரே நாட்டுக்கும் அரசாங்கத்துக்கும் தலைவர். அவர் கொள்கை பிடிக்கவில்லை என்பதற்காக நாடாளுமன்றம் அவரை இறக்க முடியாது. பெருங்குற்றம் சாட்டப்பட்டு, செனட் சபையில் மூன்றில் இரண்டு பங்கினர் ஆதரித்தால்தான் பதவி பறிபோகும். இதுவரை எந்தக் குடியரசுத் தலைவரும் அவ்வாறு நீக்கப்பட்டதில்லை. தென்னாப்பிரிக்காவில் அரசாங்கத் தலைவரின் பெயரும் ‘பிரெசிடெண்ட்’தான், அவரும் இரு தலைமைகளையும் ஒருசேர வகிக்கிறார். ஆனால் அவரைத் தேர்ந்தெடுப்பது நாடாளுமன்றத்தின் கீழவையான தேசிய அவை; அவர்மீது நம்பிக்கையில்லாத் தீர்மானம் கொண்டுவந்து இறக்குவதும் அதே அவை. பெயர் அமெரிக்காவைப் போன்றது, நடைமுறை நம்மைப் போன்றது.

ஜெர்மனியின் ஏற்பாடு எனக்கு மிகவும் பிடித்தது. அங்கே அரசாங்கத் தலைவரை வெறுமனே கவிழ்க்க முடியாது. அடுத்தவர் யார் என்பதை அதே வாக்கெடுப்பில் பெரும்பான்மையோடு தேர்ந்தெடுத்தால்தான் இருப்பவர் இறங்குவார். 1982 அக்டோபர் 1 அன்று ஹெல்முட் ஷ்மிட்டை நீக்கி ஹெல்முட் கோலைக் கொண்டுவந்தது இந்த வழியில்தான். இடிக்க மட்டும் கூடும் கூட்டத்துக்கு அங்கே இடமில்லை. ஸ்பெயினும் இதையே பின்பற்றுகிறது. அந்த வரிக்குக் கடைசியில் வருவோம்.

சுவிட்சர்லாந்துக்கு நான்காம் பத்தியில் ஒரு பெயரை எழுதாதீர்கள். ‘ஏழு பேர் கொண்ட கூட்டாட்சி அவை’ என்று எழுதுங்கள், ஏனெனில் அங்கே தலைமை ஆண்டுக்கு ஒருவராகச் சுற்றி வருகிறது. சீனாவுக்கு ‘அரசவையின் பிரதமர், லி சியாங், 2023 மார்ச் முதல்’ என்று எழுதி, உண்மையான அதிகாரம் கட்சியின் பொதுச் செயலாளரிடம் இருப்பதை ஓரத்தில் குறித்துக்கொள்ளுங்கள். புருனேயில் சுல்தானே பிரதமரும் ஆவார்.

பதவிப் பெயரை நம்பக்கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்கு இரண்டு வாழ்க்கைகள் போதும்.

முதலாவது இராஜாஜி. 1921 இறுதியில் வேலூர் சிறையில் அடைக்கப்பட்ட அவர், 1937இல் சென்னை மாகாண அரசாங்கத்துக்குத் தலைமை ஏற்றார். 1935ஆம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் அமைந்த அந்தப் பதவியைத் தமிழில் ‘பிரதமர்’ என்றே வழங்கினார்கள். 1948இல் அவர் கவர்னர் ஜெனரல் ஆனார். அது அரசாங்கத் தலைமையே அன்று, அன்றைய நாட்டுத் தலைவரான பிரிட்டிஷ் மன்னரின் சார்பாளர் பதவி. 1952இல் மீண்டும் சென்னை மாநில அரசாங்கத்துக்குத் தலைமை ஏற்றபோது, அவர் ‘முதலமைச்சர்’. 1937இல் பார்த்த வேலையின் தன்மையும் 1952இல் பார்த்த வேலையின் தன்மையும் ஏறத்தாழ ஒன்றே. 1950இல் குடியரசு மலர்ந்தபின் பெயர் மாறியது. எனவே பழைய இதழ்களில் ‘சென்னைப் பிரதமர் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார்’ என்று காணும்போது அதை அச்சுப்பிழை என்று எண்ணித் திருத்திவிடாதீர்கள். ஜம்மு காஷ்மீரில் 1965 வரை மாநில அரசாங்கத் தலைவர் பிரதமர் என்றே அழைக்கப்பட்டார்.

இரண்டாவது சிறிமாவோ பண்டாரநாயக்க. 1960இல் இலங்கைப் பிரதமரானபோது அவர் உலகின் முதல் பெண் பிரதமர். ஆட்சியின் கடிவாளம் முழுவதும் அவர் கையில் இருந்தது. 1978ஆம் ஆண்டு அரசியலமைப்பு அந்நாட்டு ஜனாதிபதியை நாட்டுக்கும் ஆட்சித்துறைக்கும் அரசாங்கத்துக்கும் தலைவராக்கியது. 1994இல் சிறிமாவோ மீண்டும் பிரதமரானார். அப்போது ஜனாதிபதி அவருடைய மகள் சந்திரிகா. அதே நாடு, அதே பெண்மணி, அதே பதவிப் பெயர். ஆனால் அரசாங்கத் தலைமை மகளிடம் இருந்தது. இராஜாஜியின் பதவியில் பெயர் மாறி வேலை நின்றது. சிறிமாவோவின் பதவியில் வேலை மாறிப் பெயர் நின்றது. இலங்கை வரியை நிரப்பும்போது நான்காம் பத்தியில் பிரதமரை எழுதும் தவறு அடிக்கடி நேர்கிறது. தென்கொரியாவிலும் பிரதமர் இருக்கிறார், ஆனால் அரசாங்கத் தலைவர் குடியரசுத் தலைவரே.

இனி தமிழில் எழுதும் முறை. இதற்கு என் மாணவர்களைப் பாலாற்றங்கரையில் உள்ள முத்து மண்டபத்துக்கு அழைத்துச் செல்வது உண்டு. கண்டியின் கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கன், 1815இல் ஆங்கிலேயரிடம் நாட்டை இழந்து, வேலூர்க் கோட்டையில் சிறையிருந்து, 1832இல் மறைந்தார்; அவர் கல்லறை அங்கேதான் இருக்கிறது. அந்த மன்னருக்குக் கீழே ஆட்சியை நடத்திய முதன்மை அமைச்சரின் பதவிப் பெயர் ‘அதிகாரம்’. பிலிமத்தலாவை அதிகாரம், எகலப்பொல அதிகாரம் என்று ஆளின் பெயரோடு சேர்த்தே வழங்குவர். அந்தச் சொல்லை ‘பிரதமர்’ என்று பெயர்த்தால் நாடாளுமன்றம் ஒன்று இருந்ததுபோல் ஆகிவிடும். ‘அமைச்சர்’ என்றால் பத்தோடு பதினொன்றாகிவிடும். ‘அதிகாரம் என்னும் முதன்மை அமைச்சர்’ என்று முதல் முறை விளக்கிவிட்டு, பிறகு ‘அதிகாரம்’ என்றே எழுதுவதுதான் முறை. நவாபுகளிடமும் சமஸ்தானங்களிலும் இருந்த ‘திவான்’ பதவிக்கும் இதையே செய்யுங்கள்.

இதே விதி அயர்லாந்தின் ‘டீஷக்’ பதவிக்கும் பொருந்தும். தலைவன் என்று பொருள்படும் அந்தச் சொல்லை 1937ஆம் ஆண்டு அரசியலமைப்பு தம் மொழியிலிருந்தே எடுத்துக்கொண்டது. செய்தியில் ‘அயர்லாந்துப் பிரதமர்’ என்று எழுதலாம், பிழையில்லை. தாளின் இரண்டாம் பத்தியில் மட்டும் அவர்கள் சொல்லை விட்டுவிடாதீர்கள்.

எழுதக்கூடாத சொல் ஒன்று உண்டு. ஜெர்மனி, ஆஸ்திரியா நாடுகளில் ‘சான்சலர்’ எனப்படும் அரசாங்கத் தலைவரைச் சிலர் ‘வேந்தர்’ என்று எழுதுகிறார்கள். சேர்க்காட்டில் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்தை வைத்துக்கொண்டு வேந்தர், துணைவேந்தர் என்று நாள்தோறும் பேசுகிற நமக்கு அது பழகிய சொல்தான். ஆனால் வேந்தர் என்றால் முடிசூடிய மன்னர். பல்கலைக்கழகத்தில் அது சிறப்புப் பெயர். நாடாளுமன்றத்துக்குப் பொறுப்புடைய ஒருவருக்கு அந்தச் சொல் பொருந்தவே பொருந்தாது. ‘சான்சலர்’ என்று ஒலிபெயர்த்து எழுதுங்கள். பிரிட்டனில் சான்சலர் என்று செய்தியில் வந்தால் அவர் பெரும்பாலும் நிதியமைச்சர் என்பதையும் மறவாதீர்கள்.

மாநில அளவில் பெயர்கள் இன்னும் சிதறும். கனடாவின் மாகாணங்களிலும் ஆஸ்திரேலியாவின் மாநிலங்களிலும் ‘பிரீமியர்’. ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் ‘ஃபர்ஸ்ட் மினிஸ்டர்’. இவற்றுக்கெல்லாம் ‘முதலமைச்சர்’ என்பது நம் வாசகருக்கு உடனே விளங்கும் சொல். மலேசியாவில் சுல்தான்கள் உள்ள மாநிலங்களில் ‘மந்திரி பெசார்’ என்றே அந்நாட்டுத் தமிழர் எழுதுகிறார்கள், பினாங்கில் முதலமைச்சர். அவர்கள் வழக்கை நாம் திருத்த வேண்டியதில்லை. அதுபோலவே இலங்கைக்கு ‘ஜனாதிபதி’, சிங்கப்பூருக்கு ‘அதிபர்’, நமக்கு ‘குடியரசுத் தலைவர்’ என்று அந்தந்த மண்ணின் தமிழை மதித்து எழுதுவதே சரி என்பது என் உறுதியான கருத்து.

ஆறாவது பத்தியைச் சோம்பலால் வெறுமையாக விடாதீர்கள். ஈரான் 1989இலும் துருக்கி 2018இலும் பிரதமர் பதவியையே நீக்கிவிட்டன. சவூதி அரேபியாவில் மன்னரே வகித்துவந்த பிரதமர் பதவி 2022 செப்டம்பரில் பட்டத்து இளவரசருக்கு வழங்கப்பட்டது. மலேசியாவின் சரவாக் மாநிலம் அதே ஆண்டில் தன் முதலமைச்சரின் பதவிப் பெயரைப் பிரீமியர் என்று மாற்றிக்கொண்டது. தேதி இல்லாத குறிப்பு, எப்போது சரியாக இருந்தது என்றே தெரியாத குறிப்பாகிவிடும்.

அந்த மாணவி பச்சை மையால் எழுதியதை அடித்துவிட்டு, அன்றே என் எதிரில் அமர்ந்து ஸ்பெயின் வரியை நிரப்பினார். இரண்டாம் பத்தியில் ‘பிரெசிதெந்தே தெல் கொபியெர்னோ, அதாவது அரசாங்கத்தின் தலைவர்’. மூன்றாவதில் மன்னர் ஆறாம் ஃபெலிப்பே. நான்காவதில் பெத்ரோ சாஞ்செஸ், தமிழில் பிரதமர். ஐந்தாவதில் ‘350 உறுப்பினர் கொண்ட கீழவை, அடுத்தவரைப் பெயர் குறித்து, 176 வாக்குகளாவது பெற வேண்டும்’. ஆறாவதில், 2018 ஜூன் 1 அன்று மரியானோ ரஹோயை 180 வாக்குகளால் இறக்கிச் சாஞ்செஸ் வந்ததைக் குறித்துவிட்டு, அதன் கீழே அன்றைய தேதியையும் எழுதினார்.