சேலத்தில் காய்ச்சல் செய்தி எழுதும் நிருபருக்கு

ஐப்பசி மழை பிடித்ததும், "எங்க தெருவுல பத்துப் பேருக்கு டெங்கு" என்று போன் வர ஆரம்பிக்கும். கேட்டவுடன் எழுதிவிடாதீர்கள். என்ன பரிசோதனை, காய்ச்சல் வந்து எத்தனையாவது நாள் ரத்தம் எடுத்தார்கள் என்ற இரண்டையும் லேப் ரிப்போர்ட்டைப் பார்த்தே குறித்துக்கொள்ளுங்கள். முதல் 5 நாட்களுக்குள் என்றால் வைரஸின் புரதத்தைத் தேடும் என்.எஸ்.1, அதற்குப் பிறகு உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருளைத் தேடும் ஐ.ஜி.எம். இரண்டில் எதுவானாலும் எலைசா என்ற ஆய்வக முறையில் செய்து பாசிட்டிவ் வந்தால்தான் அரசுக் கணக்கில் டெங்கு. கிளினிக்கில் சில நிமிடங்களில் முடியும் கார்டு டெஸ்ட் பாசிட்டிவ் அந்தக் கணக்கில் ஏறாது. தனியார் சொல்லும் எண்ணும் அதிகாரி சொல்லும் எண்ணும் முட்டிக்கொள்வதற்குப் பல நேரம் இதுவே காரணம். "மறைக்கிறார்கள்" என்று எழுதும் முன், எத்தனை மாதிரிகள் எலைசாவுக்குப் போயின என்று கேளுங்கள். ஒன்றுகூடப் போகவில்லையென்றால் அதைத்தான் தலைப்பில் வைக்க வேண்டும்.

மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை வார்டு நிலவரத்துக்கு டீனைக் கேளுங்கள். ஆனால் அங்கே நாமக்கல், தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்தும் நோயாளிகள் வருகிறார்கள். வார்டு எண்ணிக்கையை அப்படியே "சேலத்தில் டெங்கு" என்று போட்டால் தப்பாகிவிடும். ஊர்வாரியாகப் பிரித்துக் கேளுங்கள். மாநகரத்துக்கு மாநகர் நல அலுவலர், கிராமங்களுக்கு மாவட்டச் சுகாதார அலுவலகம்.

ஏற்காடு மலைக் கிராமங்களில் காய்ச்சல் என்றால் டெங்குவோடு நிறுத்தாதீர்கள். உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், பார்த்தார்களா என்று டாக்டரிடம் கேளுங்கள். புதரில் இருக்கும் நுண்ணிய பூச்சியின் இளம்புழு கடிப்பதால் வருவது இது. அக்குளிலோ தொடை இடுக்கிலோ சிகரெட் சுட்டதுபோல் வலியில்லாத கறுப்புப் பொருக்கு இருக்கலாம்; நோயாளிக்கே அது தெரிந்திருக்காது, எல்லோருக்கும் இருப்பதுமில்லை. ஆளிடமிருந்து ஆளுக்குத் தொற்றாது. டாக்ஸிசைக்ளின் என்ற மலிவான மாத்திரைக்குக் கட்டுப்படும், தாமதித்தால் உயிரைப் பறிக்கும். இதைக் கேட்காமல் "மர்மக் காய்ச்சல்" என்று போடுவது மலை மக்களுக்குச் செய்யும் அநியாயம்.

தட்டணு (பிளேட்லெட்) எண்ணிக்கையை மட்டும் பிடித்துக்கொண்டு எழுதுவது இன்னொரு பெரிய கோளாறு. டெங்குவில் ஆபத்துக் கட்டம் காய்ச்சல் இறங்கும்போதுதான் தொடங்குகிறது; ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழலாம். விடாத வாந்தி, கடும் வயிற்றுவலி, ஈறில் ரத்தம், அசதி இருந்தால் உடனே ஆஸ்பத்திரி என்ற வரி ஒவ்வொரு டெங்கு செய்தியிலும் இருக்கட்டும். இறப்பு என்றால், பரிசோதனை முடிவு வரும்வரை "காய்ச்சலுக்குச் சிகிச்சை பெற்றவர்" என்பதோடு நிறுத்துங்கள். சம்மதமில்லாமல் பெயர், முகம், கதவு எண் எதுவும் வேண்டாம்.

அதிகாரி எண்ணிக்கை தர மறுத்தால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. கட்டணம் 10 ரூபாய், கெடு 30 நாள். "ஏன் பரவியது" என்று கேட்டால் பதில் வராது. பதிவேட்டில் இருப்பதைத்தான் தருவார்கள். "மாதவாரி, வட்டாரவாரி எலைசா மாதிரிகள், அதில் பாசிட்டிவ்" என்று கேளுங்கள்.