டெக்சாஸ் சில்லி: மசாலாவை மூன்று தவணையாகப் போடுங்கள்

மாட்டிறைச்சியை மிளகாய் மசாலாவில் நெடுநேரம் வேகவைக்கும் அமெரிக்கக் குழம்பான டெக்சாஸ் சில்லி செய்யும்போது மசாலா முழுவதையும் தொடக்கத்திலேயே கொட்டிவிடாதீர்கள். மாட்டிறைச்சி நிறம் மாறியதும் பாதி, பாதி நேரம் வெந்ததும் கால் பங்கு, இறக்க 20 நிமிடம் இருக்கும்போது மீதி. அவ்வளவுதான்.

இரண்டு, மூன்று மணி நேரம் கொதிக்கையில் சீரகம், ஓரிகானோ, பூண்டுத்தூள் இவற்றின் வாசனை ஆவியோடு போய்விடும். முதலில் போட்டது குழம்புக்கு நிறமும் ஆழமும் தரும், கடைசியில் போட்டது மணத்தைத் திருப்பிக் கொண்டுவரும். 1967 முதல் சில்லிப் போட்டி நடக்கும் டெக்சாஸ் ஊரான டெர்லிங்குவாவில் பீன்ஸ் (ராஜ்மா போன்ற பயறு) சேர்க்க அனுமதி கிடையாது. இறைச்சியும் குழம்பும்தான் பேச வேண்டும். நடுவர்கள் மணத்தையும் பார்ப்பதால் போட்டியில் சமைப்பவர்கள் பலரும் இப்படித்தான் பிரித்துப் போடுகிறார்கள். வீட்டிலும் இதனால் வித்தியாசம் நன்றாகவே தெரியும், கூடுதல் மசாலாவும் தேவைப்படாது.

முழுக் காய்ந்த மிளகாயை ஊறவைத்து அரைத்த விழுதுக்கு இது பொருந்தாது. பச்சை வாடை போக நேரம் வேண்டும், அதனால் அதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள். மறுநாளைக்குச் செய்து வைப்பதாக இருந்தால் கடைசிப் பங்கைச் சூடாக்கும்போது போடுங்கள்.

அப்புறம் ஒன்று: அமெரிக்கச் சமையல் குறிப்புகளில் வரும் 'சில்லி பவுடர்' மிளகாயோடு சீரகம், பூண்டு, ஓரிகானோ கலந்த காரம் குறைந்த பொடி. அதே அளவுக்கு நம் மிளகாய்த்தூளைப் போட்டால் வாயில் வைக்க முடியாது.